கியருக்கு வைத்த பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். செல்லூரில் சைக்கிள் கடைக்காரருக்கு மகளாகப் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, ஆரப்பாளையத்தில் டிராக்டர் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். இரும்புக்கும் எண்ணெய்க்கும் நடுவிலேயே என் காலம் போயிற்று. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் திமிரே உண்டு. அந்தத் திமிருக்குக் காரணமான ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கம், புரட்டாசி முடிகிற சமயம்.

என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் ஒரே டிராக்டர் பட்டறையில் வேலை பார்த்தார். முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விசாரிப்பார். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு நாள் சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு பழைய சீமை டிராக்டர் அங்கே வந்தது. மூன்றாம் கியர் போட்டால் நிற்காது, துள்ளி வெளியே வந்துவிடும். கியரின் பல் தேய்ந்துவிட்டது. கியர் ஒற்றையாக வேலை செய்கிற சாமான் இல்லை. ஒன்றின் பல்லுக்குள் இன்னொன்றின் பல் உட்கார்ந்து சுற்றும்; தேய்ந்தால் இரண்டும் சேர்ந்துதான் தேயும். முதலாளியோ ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்று வேறொரு ஆளைத் திறக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டையும் மாத்தணும் முதலாளி. புதுப் பல்லு பழைய பல்லோட ஒட்டாது. ஆறு மாசம் தாங்காது" என்றார்.

வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே முதலாளி, "இங்க நீ முதலாளியா, நான் முதலாளியாடா?" என்று கேட்டுவிட்டார். இவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார், கையைத் துடைத்தார், வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல் தாண்டும்போது முதலாளி பின்னாலிருந்து சொன்னாராம்: "மூணு மாசம். மூணே மாசத்துல இந்த வாசல்ல வந்து நிப்ப."

இதைச் சோறு தின்றுகொண்டே என்னிடம் சொன்னார். வேறு ஒருத்தியாக இருந்தால் ஒப்பாரி வைத்திருப்பாள். "நிக்க வேணாம். தனியா போடுங்க பட்டறையை" என்றேன் நான். அப்படித்தான் மரக்கடைக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்துப் போகும் சந்தில் ஒரு தகரக் கொட்டகை எங்களுக்குக் கிடைத்தது. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் நாங்கள். இரண்டரை மாதம் ஓடியது. வந்ததெல்லாம் பில்டர் கழுவுவது, பம்புசெட்டுக்கு வாஷர் போடுவது மாதிரியான வேலைகள். டிராக்டர் என்று ஒன்றும் வாசலை மிதிக்கவில்லை. இவர் காலையில் கொட்டகையைக் கூட்டிவிட்டு, கழுவின ஸ்பேனரையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். எனக்குப் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தாள். சோழவந்தான் பக்கம் அவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். புருஷன் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் தானே பயிர் வைத்தவள். ஆம்பளை மாதிரி என்று ஊரில் சொல்வார்களாம். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பொம்பளை மாதிரித்தான் இருந்தாள். அதனால்தான் ஒவ்வொரு வரப்பும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்பி ஓட்ட, மட்கார்டில் உட்கார்ந்து, மடியில் வெற்றிலைக் கட்டோடு வந்து இறங்கினாள். வந்தது அதே சீமை டிராக்டர். மூன்றாம் கியரில் தள்ளிய கம்பியை சைக்கிள் ட்யூபால் சீட்டோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். கியர் துள்ளாமல் இருக்க அதுதான் அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்.

"தம்பி, ரெண்டையும் மாத்தணும்னு அன்னைக்குச் சொன்னது நீதான? நானும் அங்கனதான் நின்னேன். கேக்காம விட்டது என் தப்பு" என்றாள் அக்கா, என் வீட்டுக்காரரிடம். "போன வாரம் கால்வாய்க் கரை மேட்டுல ஏறயில இந்த ட்யூபையும் மீறித் துள்ளிருச்சு. வண்டி அப்படியே பின்னால உருளுது. பின்னால எருக் கூடையோட ஆறு பொம்பளைக. சாமி புண்ணியம், ஆளுக்கொரு பக்கமா ஓடிட்டாளுக."

அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிப்போனது. பிறகு கெடு சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க மடைக்குத் தண்ணி விடுறாக. அன்னைக்கு வண்டி வயல்ல எறங்கலேன்னா எனக்கு இந்தப் போகம் போச்சு. சனிக்கிழமை காலையில வாரேன். ஆகலேன்னா கட்டி இழுத்துட்டுப் போயி பழைய பட்டறையிலயே விட்டுருவேன். வருத்தப்படக் கூடாது."

"ஆகும்க்கா" என்றார் இவர். அவ்வளவுதான் அவர் பேச்சு.

அந்த வண்டி எங்கள் வாசலிலிருந்து கயிறு கட்டிப் பழைய பட்டறைக்குப் போனால் அதற்குப் பிறகு எங்களை யார் தேடி வருவார்கள்? சனிக்கிழமையோடு முதலாளி சொன்ன மூன்று மாதமும் முடிகிறது. கொட்டகையைக் காலி செய்துவிட்டு, அதே வாசலில் இவர் போய் நிற்க வேண்டியதுதான். இவர் நிற்பார், குடும்பத்துக்காக நிற்பார். அப்படி நிற்கிற மனுசனை நான் எப்படிப் பார்ப்பது?

திங்கட்கிழமை கியர்பாக்ஸைத் திறந்தார். எண்ணெய் தார் மாதிரி வந்தது. அதில் மினுமினுவென்று இரும்புப் பொடி. கூடவே கைப்பிடி கைப்பிடியாக மரத்தூள். தேய்ந்த கியர் கத்தாமல் இருக்க எண்ணெயில் மரத்தூளைக் கலந்துவிடுவது ஒரு தந்திரம். பத்து நாள் சத்தம் அடங்கும், அப்புறம் உள்ளதும் கெடும். யார் போட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. போட்டவருக்குத் தெரியும். இவர் அதைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினேன், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி.

உள்ளே பத்துக் கியர், ஐந்து ஜோடி. நடுவில் வளையங்கள். மூன்றாம் கியர் ஜோடி குணமாக்க முடியாத நிலையில் இருந்தது. புதிதாகப் போட்ட கியரும் பழையதும் ஒன்றையொன்று தின்று, பல்லெல்லாம் முனை மழுங்கிக் கிடந்தன. மற்ற நான்கு ஜோடியும் தேய்ந்திருந்தாலும் இன்னும் சில வருடம் உழைக்கும் என்றார். இந்த மாதிரி சீமை வண்டியை இவர் அதுவரை திறந்ததில்லை. புத்தகமும் கிடையாது. அதனால் ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே சாக்பீஸால் நம்பர் போட்டு, எந்தப் பக்கம் முன்னால் என்று ஒரு கோடும் இழுத்து, கழற்றிய வரிசையிலேயே சாக்கில் பரப்பி வைத்தார். இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. கியரிடம் பேசுகிற அளவுக்குக்கூட என்னிடம் பேச மாட்டார்.

புதன்கிழமை ஆயுத பூஜை. அன்று காலையில், இதே மாதிரி வண்டி ஒன்றை உடைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கெட்டுப்போன ஜோடியை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, மூன்றாம் கியர் ஜோடி கிடைக்குமா என்று பழைய இரும்புக் கடைகளைப் பார்க்கப் போனார். பட்டறையில் நான் மட்டும்.

என் அப்பா கடையில் ஆயுத பூஜை என்றால் பெடல் முதல் பேரிங்கின் கடைசி பால்ஸ் வரை கழுவ வேண்டும். கழற்றிப் போட்ட சாமான் அழுக்கோடு கிடந்தால் அப்பாவுக்குப் பொறுக்காது. "வருசத்துல ஒரு நாள் இரும்பு குளிக்கட்டும்" என்பார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள் நான். இது எங்கள் சொந்தப் பட்டறையின் முதல் பூஜை வேறு. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் முடிந்தது. சாக்கில் பார்த்தால் கரி அப்பிக்கொண்டு எட்டுக் கியர். மேலே ஏதோ வெள்ளைக் கிறுக்கல். பழைய இரும்புக் கடைக்காரர்கள் எடை எழுதுவார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். முதலில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பிறகு வெந்நீர், சீயக்காய். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றுகிற மாதிரி ஒவ்வொரு பல்லாக விரலை விட்டுத் தேய்த்தேன். வெயிலில் காயவைத்து, துருப்பிடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய் தடவி, வாழை இலையில் பெரியது கீழே, சிறியது மேலே என்று கோபுரம் மாதிரி அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வெள்ளிக்குடம் மாதிரி மின்னின. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் இவர் தோளில் சாக்கோடு வந்தார். முகத்தில் சிரிப்பு. ஜோடி கிடைத்துவிட்டது. வாசலில் சாக்கை இறக்கினவர் வாழை இலையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"கோடு எங்க?" என்றார்.

"எந்தக் கோடு?"

"சாக்பீஸ்ல போட்டிருந்தேன்ல. நம்பரு. கோடு."

"அழுக்குன்னு கழுவிட்டேன்."

மனுசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கியரை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்புட்டும் போச்சு. இந்தக் கை வெளங்குமாடி?" என்றார்.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பத்துக்கு இருபதாகக் கொடுத்திருப்பேன். மெதுவாகச் சொன்னார். அது நெஞ்சில் போய்த் தைத்தது. பூஜையை முடித்தோம். பூசணிக்காயை உடைத்தார், பொரியை வாயில் போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அடுப்படியில் போய் அழுதேன். அழுதது பயத்தில் இல்லை. நல்லது என்று நினைத்துச் செய்த வேலை இப்படி வந்து விடிந்ததே என்ற ஆத்திரத்தில்.

மறுநாள் விஜயதசமி. இவர் காலையிலிருந்து ஒவ்வொரு கியராகக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பெரியதற்குச் சிறியது என்று ஓரளவு ஜோடி தெரிந்தது. ஆனால் நடுத்தர அளவில் இரண்டு ஜோடிகள் கிட்டத்தட்ட ஒன்று போல இருந்தன. எதற்கு எது என்று தெரியவில்லை. அதைவிட மோசம், எந்தப் பக்கம் முன்னால் என்பது ஒன்றுக்கும் தெரியவில்லை. மாற்றிப் போட்டால் தேயாத பக்கம் தேய்ந்த பக்கத்தோடு மோதும். கத்தும், துள்ளும். திரும்பத் திறந்து மாட்ட இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் எங்களிடம் இல்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து சேர்ந்தார். விஜயதசமிக்கு நாலு இடம் பார்க்க வந்தவர், பழைய ஆளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். யாரோ காதில் போட்டிருக்கிறார்கள், அதுதான் உண்மை. வாழை இலையில் சந்தனப் பொட்டோடு இருந்த கியர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னப்பா, கியருக்குக் கல்யாணமா? பொண்ணு எது, மாப்ள எது?" என்றார். பிறகு இவர் தோளில் கை வைத்து, "திங்கக்கிழமை வா. உன் எடம் சும்மாதான் கெடக்கு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிறல" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சுதான். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மன்னிக்கிறாராம்! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அண்ணே, பொட்டு வச்சது நான்தான்" என்றேன். "பொட்டு வச்ச கைக்கு ஜோடி சேக்கவும் தெரியும். சனிக்கிழமை இந்த வண்டி ஆரப்பாளையம் ரோட்டுல உங்க பட்டறை வாசல் வழியாத்தான் போகும். கயிறு கட்டி இல்ல, சொந்தக் கால்ல போகும். பாத்துக்கிட்டே இருங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவர் கியர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "எப்படிச் சேப்ப?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் சொல்லிவிட்டேனே! இனி பின்வாங்கினால் நான் எங்கப்பனுக்குப் பிறந்தவளா? சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கியரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

விரலை ஓட்டினேன். நேற்றுத் தேய்க்கும்போதே விரலில் பட்டது ஞாபகம் வந்தது. பல்லின் ஒரு ஓரத்தில் நகம் இடறுகிற மாதிரி ஒரு சின்னப் படி. பல்லின் முழு அகலத்துக்கும் தேயவில்லை. ஜோடிப் பல் தொட்ட அகலம் மட்டும் வழுவழுவென்று பள்ளமாகி, தொடாத ஓரம் பழைய உயரத்திலேயே நின்றிருந்தது. எனக்கு உடனே எங்கள் அம்மி ஞாபகம் வந்தது. செல்லூரில் பக்கத்து வீட்டுக்காரி எங்கள் குழவியை இரவல் வாங்கிப் போய் உடைத்துவிட்டாள். வேறு குழவி வாங்கிக் கொடுத்தாள். நல்ல குழவிதான். ஆனால் மிளகாய் அரைபடவே இல்லை. பழைய குழவி உருண்டு உருண்டு அம்மியில் ஏற்படுத்திய பள்ளத்தில் புதியது உட்காரவில்லை.

"ஏங்க, சாக்பீஸ் அழிஞ்சா என்ன? இதுகளே எழுதி வச்சிருக்கு பாருங்க" என்றேன். "எது எதோட பழகுச்சோ அது மேல அதோட தழும்பு இருக்கு. எந்தப் பக்கம் பழகுச்சோ அந்தப் பக்கம் பள்ளம். தேயாம இருந்தாத்தான் நமக்குக் கஷ்டம்."

இவர் கியரை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். நகத்தை ஓட்டினார். "பெரிய பட்டறைகள்ல ஒரு நீல மை வச்சிருப்பாங்க" என்றார் மெதுவாக. "ஒரு பல்லுல தடவிச் சுத்துனா தொடுற எடமெல்லாம் இன்னொரு பல்லுல ஒட்டும். நம்மகிட்ட அது இல்ல."

நான் எழுந்து போய்ப் பூஜைக் கிண்ணத்தில் மிச்சமிருந்த குங்குமத்தை எடுத்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்தேன். அவர் முகத்தில் நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் வந்தது.

இரண்டு பலகையில் இரண்டு கம்பியை நட்டு, அதில் கியர்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிச் சுற்றிப் பார்த்தோம். நான் ஒன்றில் குங்குமம் தடவுவேன், அவர் சுற்றுவார். முதல் ஜோடியில் மற்ற கியரின் பல்லில் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. தட்டித் திருப்பிப் போட்டோம். இப்போது பல்லின் பள்ளம் முழுக்கச் சிவப்பு. வெற்றிலை போட்ட வாய் மாதிரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

எளிதாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த நடுத்தர ஜோடிகள் இரண்டும் உயிரை வாங்கின. எதை எதோடு வைத்தாலும் பாதிச் சிவப்பு விழுந்தது. இவர் ஒரு முடிவுக்கு வந்து, "இதுதான்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்த்தேன். அந்த நான்கில் பெரிய கியர் ஒன்றில் ஒரு பல் முனை உடைந்திருந்தது. அந்த உடைந்த துண்டு ஜோடியின் மேல் எங்காவது நசுங்கியிருக்க வேண்டும் அல்லவா? தேடினேன். இவர் "இல்லை" என்று ஒதுக்கிய கியரில், ஒரு பல்லின் நடுவில் கடுகளவு ஒரு குழி. "இதுதான் இதோட சம்சாரம்" என்றேன். குங்குமம் தடவிச் சுற்றினோம். முழுச் சிவப்பு. அவர் கியரைக் கீழே வைத்துவிட்டு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் எனக்குக் கொண்டுவந்து கொடுத்த முதல் தண்ணீர் அது.

இந்தத் தடவை சாக்பீஸே வேண்டாம் என்றேன். பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டினேன். ஒன்றாம் கியருக்கு ஒரு முடிச்சு, இரண்டாம் கியருக்கு இரண்டு. முடிச்சு இருக்கும் பக்கம் முன்பக்கம். யார் கழுவினாலும் போகாது. குங்குமத்தையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை முழுக்க மாட்டினார். நான் முடிச்சைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். புதிதாக வாங்கிய மூன்றாம் கியர் ஜோடியையும் சேர்த்தே மாட்டினார், இரண்டையும். அதை மாட்டும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலையில் அக்கா தம்பியோடு வந்து நின்றாள். தம்பி கையில் சுருட்டிய கயிறு. நான் அதைப் பார்த்தேன், அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். இவர் புது எண்ணெய் ஊற்றி வண்டியைக் கிளப்பினார். ஒன்று போட்டார், இரண்டு போட்டார், மூன்று போட்டார். கத்தல் இல்லை. சீரான ஒரு முனகல் மட்டும்.

"இங்க நல்லாத்தான் இருக்கும். மேட்டுல ஏறணும்" என்றாள் அக்கா.

"ஏறுவோம். நானும் வாரேன்" என்றேன். மட்கார்டில் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். இவர் ஓட்டினார். சொன்னபடியே பழைய பட்டறை வாசல் வழியாகத்தான் விடச் சொன்னேன். முதலாளி வாசலில் நின்றிருந்தார். நான் கும்பிடு போட்டேன். போடாமல் இருக்க முடியுமா, பெரியவர்!

சோழவந்தானுக்கு முன்னால் ஆற்றோரமாகப் போய், கால்வாய்க் கரைக்கு வந்தோம். அந்த மேடு நான் நினைத்ததைவிடச் செங்குத்தாக இருந்தது. அங்கே நின்ற டிரெய்லரைப் பின்னால் மாட்டி, எரு மூட்டைகளை ஏற்றச் சொன்னாள் அக்கா. பின்னால் ஒருத்தரும் நிற்கக் கூடாது என்று எல்லோரையும் வயலுக்குள் விரட்டினாள். தம்பி பழக்க தோஷத்தில் சைக்கிள் ட்யூபை எடுத்துக் கியர்க் கம்பியில் மாட்டப் போனான்.

"ஏ, அதை எடு!" என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான். நானே பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன்.

எங்களை இறக்கிவிட்டு இவர் மட்டும் ஏறினார். பாதி மேட்டில், எப்போதும் துள்ளுகிற இடத்தில், இன்ஜின் திணறியது. இவர் கியர்க் கம்பியிலிருந்து கையை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். கம்பி அசையவில்லை. வண்டி முனகிக்கொண்டே ஏறி, கரைமேல் போய் நின்றது. நாற்றங்காலில் நின்றிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, இனி என் வண்டி வேற எங்கயும் போகாது" என்றாள். மறுநாள் அவள் மடைக்குத் தண்ணீர் வந்தது, வண்டி வயலில் இறங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் வாசலில் டிராக்டர் இல்லாத நாள் குறைவு. தை மாதம் பழைய பட்டறையிலிருந்து ஓர் ஆள் இரண்டு கியரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். "முதலாளி அனுப்புனாரு. அண்ணிகிட்டக் குடுத்து ஒருக்காத் தடவிப் பாக்கச் சொன்னாரு" என்றான். பார்த்துக் கொடுத்தேன். அன்று முழுக்க நான் சந்தில் கொஞ்சம் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். மறைப்பானேன்!

ஆனால் என் வீட்டுக்காரர் மட்டும் அந்த வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. "இந்தக் கை வெளங்குமா" என்று கேட்டதை நான் மறக்கவில்லை. கோபம் வரும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவேன். அவர் எழுந்து போய்விடுவார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. இந்தத் தடவை அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றையும் கழுவினேன். எல்லாவற்றையும் வாழை இலையில் வைத்தாயிற்று. பட்டறையில் முதல் பொட்டு பெரிய ஸ்பேனருக்குத்தான், பழைய பட்டறையிலிருந்தே அவருக்கு அதுதான் வழக்கம். சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர் ஸ்பேனரைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றார்.

"கையை நீட்டு" என்றார்.

"எதுக்கு?"

"நீட்டு புள்ள."

ஏதோ பிடிக்கச் சொல்லப்போகிறார் என்று நீட்டினேன். என் இரண்டு உள்ளங்கையிலும் சந்தனத்தைத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"ஆயுதத்துக்கெல்லாம் வைக்கணும்ல" என்றார்.

கையை மூடினால் பொட்டு அழிந்துவிடுமே என்று இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடியே நின்றேன். அவர் போய் ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தார்.